நீங்க எந்தத் தோட்டம்?

(நூற்றாண்டு விழாவை ஒட்டி நடந்த பழைய மாணவியர் ஒன்றுகூடலில், சிங்கப்பூரில் வாழும் பழைய மாணவியர் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



இந்த உரையை வாசிப்பது ஒருவர். எழுதியது ஏழு பேர். சிங்கப்பூரில் இருக்கும் நம் பள்ளிப் பிள்ளைகள் ஏழு பேர் என்றுதான் நாங்கள் பல வருஷமாக எண்ணிக்கொண்டிருந்தோம். அந்தக் கணக்கில் ஒரு பிழை இருந்தது. அதைப் பிறகு சொல்கிறோம்.

சங்கச் செயலாளர் தொலைபேசியில் அழைத்து, வெளிநாட்டில் குடும்ப வாழ்க்கை எப்படி என்று கொஞ்ச நேரம் பேசுங்கள் என்றார். பொங்கோலில் எங்களில் ஒருத்தி வீட்டில் கூடி எழுத உட்கார்ந்தோம். முதலில் எழுதியதில் மெர்லயன் சிலை இருந்தது, சாங்கி விமான நிலையத்து நீர்வீழ்ச்சி இருந்தது. படித்துப் பார்த்துவிட்டு ஒருத்தி கேட்டாள்: "இங்கெல்லாம் நாம எப்ப போனோம்? ஊர்லயிருந்து விருந்தாளி வந்தப்பதானே?" உண்மைதான். அந்தத் தாளைக் கிழித்துவிட்டோம். நாங்கள் அங்கே வாழ்வது சமையலறையிலும், பிள்ளைகளின் பள்ளி வாசலிலும், எம்ஆர்டி ரயிலிலும், சந்தையிலும்தான். அதைத்தான் சொல்லப் போகிறோம்.

எங்களில் நாலு பேருக்குப் பட்டிப்பொலயும் அதன் சுற்றுவட்டமும் ஊர். மற்றவர்கள் ஹற்றன், தலவாக்கலைப் பக்கம். பட்டிப்பொலயை இங்கே யாருக்கும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. இலங்கையிலேயே மிக உயரத்தில் இருக்கும் புகையிரத நிலையம், 1,891 மீற்றர். அதைத் தாண்டி ஒஹியா பக்கம் கொஞ்ச தூரம் போனால் 6,226 அடி என்று எழுதிய பலகை நிற்கும். விடுதிக்குத் திரும்பும் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்பேவல தாண்டும் வரை கோச்சி ஜன்னலால் தலையை நீட்டி அழுதுகொண்டு வந்த பிள்ளைகள் நாங்கள். இப்போது நாங்கள் இருக்கும் நாட்டில் மிக உயரமான குன்று புக்கிட் தீமா. 164 மீற்றர்கூட முழுசாக இல்லை. எங்கள் பிள்ளை ஒன்று பள்ளிச் சுற்றுலாவில் அதில் ஏறிவிட்டு வந்து, "அம்மா, நாங்க மலை ஏறினோம்" என்றது. சிரிப்பை அடக்க முடியவில்லை.

முதல் அதிர்ச்சி வெயில். பட்டிப்பொலயில் ஜனவரி மாதத்தில் விடியற்காலை புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும், உருளைக்கிழங்குச் செடியெல்லாம் கருகிப்போகும். சிங்கப்பூரில் பகலில் 31, 32 பாகை. இரவில் 25க்குக் கீழே இறங்குவதே அபூர்வம். வருஷம் முழுக்க அப்படித்தான். ஊரில் ஒரு பாடசாலைச் சட்டை காய மூன்று நாள் எடுக்கும், அதுவும் அடுப்புக்கு மேலே கொடி கட்டிப் புகை வாசத்தோடு. அங்கே மூங்கில் கழியில் கோர்த்து ஜன்னலுக்கு வெளியே நீட்டினால் இரண்டு மணித்தியாலம். வந்த புதிதில் எங்களுக்கு அதுவே ஒரு வேடிக்கை. தோய்க்கத் தேவையில்லாததையும் தோய்த்துப் போட்டிருக்கிறோம். பிறகு ஏசி வந்தது. அதை 18இல் வைத்துவிட்டு, "பட்டிப்பொல வந்துடுச்சு" என்று கம்பளியைப் போர்த்திக்கொள்வது எங்கள் வீடுகளில் ஒரு விளையாட்டு. மாத முடிவில் மின்சாரக் கட்டணம் வரும்போது பட்டிப்பொல நின்றுபோகும்.

எங்கள் அன்றாடம் இதுதான். ஐந்தரைக்கு எழும்பி, பிள்ளைகளை ஏழு மணிக்குள் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். கணவன்மார் கணினி வேலை, கப்பல் பட்டறைக் கணக்கு, ஆஸ்பத்திரி ஆய்வுகூடம் என்று போய்விடுவார்கள். எங்களில் மூன்று பேர் வேலைக்குப் போகிறோம். நாலு பேர் வீட்டில். வீட்டில் இருக்கும் நாலு பேரில் இரண்டு பேர் ஆசிரியைகள். ஒருத்தி தோட்டப் பாடசாலையில் ஒன்பது வருஷம் கணிதம் படிப்பித்தவள். அங்கே கணவரின் வேலை அனுமதியைப் பிடித்துக்கொண்டு வரும் மனைவிக்கு ஒரு அட்டை தருவார்கள், டிபெண்டன்ட் பாஸ் என்று பெயர். தங்கி வாழ்பவள் என்று அர்த்தம். முன்பு அந்த அட்டையோடு ஒரு கடிதம் வாங்கினால் வேலைக்குப் போகலாம். 2021 மே மாதத்திலிருந்து தனியாக வேலை அனுமதி எடுக்க வேண்டும் என்று விதி மாறிவிட்டது. உழைத்துச் சாப்பிட்ட பெண்ணுக்குத் தங்கி வாழ்பவள் என்று அட்டை தந்தால் எப்படி இருக்கும்? அவள் அந்த அட்டையைக் கைப்பைக்குள் தலைகீழாகத்தான் வைத்திருப்பாள். அரிசி டப்பாவின் மூடியில் பின்னக் கணக்கு எழுதித் தன் பிள்ளைக்கும் பக்கத்து வீட்டுச் சீனப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்கிறாள்.

இரவு ஒன்பது மணிக்கு எங்கள் வீடுகள் எல்லாவற்றிலும் ஒரே வேலை, ஊருக்குப் பேசுவது. எங்களுக்கும் ஊருக்கும் இரண்டரை மணித்தியால வித்தியாசம். எங்களுக்கு ஒன்பது என்றால் பட்டிப்பொலயில் ஆறரை. அம்மா மலையால் வந்து, கொழுந்துக் கூடையை இறக்கி, முகம் கழுவி, அடுப்பு மூட்டும் நேரம். "இன்னைக்கி எத்தனை கிலோ?" என்று கேட்போம். "பதினாறுதான், அரைப்பேர் போட்டுட்டாங்க" என்பார். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனதும், 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனதும் எங்களுக்குச் செய்தித்தாளில் படித்த விஷயங்கள் அல்ல, அந்த ஒன்பது மணிப் பேச்சில் கேட்டவை. 1,350 ரூபாய் என்பது அன்றைய விலைக்கு ஆறு சிங்கப்பூர் டொலர். உணவங்காடியில் ஒரு தட்டுக் கோழிச் சோறும் ஒரு கோப்பியும். இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுவிட்டால் பிறகு கோழிச் சோறு தொண்டையில் இறங்காது. அதனால் எங்களுக்குள் ஒரு சட்டம்: சாப்பாட்டு மேசையில் யாரும் ரூபாய்க்கு மாற்றிப் பார்க்கக் கூடாது. எல்லோரும் மீறுகிற சட்டம்.

2022இல் நாடு பட்ட பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. அப்போது நாங்கள் பெட்டி பெட்டியாகப் பால்மா வாங்கி அனுப்பினோம். எங்கே? அம்பேவல மாட்டுப் பண்ணையைத் தினமும் கடந்து போகும் வீடுகளுக்கு.

மொழியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களை முதலில் மயக்கியது அதுதான். சிங்கப்பூரில் தமிழர் உட்பட்ட இந்தியர் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் நாலு அரச மொழிகளில் தமிழ் ஒன்று. ரயில் நிலையத்தில் தமிழ், காசுத் தாளில் தமிழ், பள்ளியில் எங்கள் பிள்ளைக்குத் தாய்மொழிப் பாடமாகத் தமிழ். 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு இன்றைக்கும் வருகிறது. பொலிஸ் நிலையத்தில் தமிழில் ஒரு முறைப்பாடு எழுதப் பாடுபட்ட ஊரிலிருந்து போனவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் தமிழ் ஒன்றாக இருந்தாலும் சொல் வேறு. முதல் வாரம் தேக்கா சந்தையில் கீரைக்காரர் "ரெண்டு வெள்ளி" என்றார். இரண்டு வெள்ளிக்கிழமை கழித்து வரச் சொல்கிறார் என்று நினைத்துக் கீரையை வைத்துவிட்டு வந்தோம். அங்கே டொலருக்கு வெள்ளி என்று பெயர். காலையில் பார்ப்பவர்கள் "பசியாறிட்டீங்களா?" என்பார்கள். மலாயாத் தமிழர் வழக்கம் அது, நல்ல வார்த்தை. பிள்ளையின் கட்டுரையில் 'கதிரை' என்று எழுதியதற்குச் சிவப்பு வட்டம் வந்தது. நாற்காலி என்று எழுத வேண்டுமாம். கதிரையும் தமிழ்தான் என்று ஒரு தாய் பள்ளிக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அந்த ஆசிரியை நல்லவர், வட்டத்தை அழித்தார்.

இனி, சொல்லக் கொஞ்சம் கஷ்டமான பகுதி.

அங்கே நாங்கள் வாயைத் திறந்ததும் கேட்பார்கள்: "சிலோனா? யாழ்ப்பாணமா?" அந்தக் கேள்வியில் தப்பில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே யாழ்ப்பாணத்தார் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். ரயில்வே, அரசாங்கக் கந்தோர், ஆஸ்பத்திரி என்று வேலை பார்த்தார்கள். 1910இலேயே சிங்கப்பூரில் சங்கம் அமைத்தார்கள். செண்பக விநாயகர் கோயில் அவர்கள் வளர்த்த கோயில், அது இருக்கும் தெருவுக்கே சிலோன் ரோட் என்று பெயர். சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம் வட்டுக்கோட்டையில் பிறந்தவர். ஆகவே அங்கே சிலோன் தமிழர் என்றால் படித்தவர், கந்தோர் உத்தியோகத்தர் என்று ஒரு மதிப்பு. மலைநாட்டில் இன்னொரு தமிழர் கூட்டம் இருப்பது பல பேருக்குத் தெரியாது.

எங்களுக்கு அந்த மதிப்பு வசதியாக இருந்தது. "யாழ்ப்பாணமா?" என்றால் இல்லை என்று சொல்லமாட்டோம், ஆம் என்றும் சொல்லமாட்டோம். "நுவரெலியாப் பக்கம்" என்போம். "ஓ, சின்ன இங்கிலாந்து!" என்பார்கள். சிரித்துக்கொண்டு விட்டுவிடுவோம். பெரிய பொய் ஒன்றும் சொல்லவில்லை என்று மனசுக்குச் சமாதானம். ஆனால் எங்கள் பிள்ளை 'என் பாட்டி வீடு' என்று கட்டுரை எழுத உட்கார்ந்தபோது, "அம்மாயி வீட்ல எத்தனை ரூம்?" என்று கேட்டது. உண்மையான பதில் ஒரு காம்பரா, ஒரு இஸ்தோப்பு. நாங்கள் சொன்ன பதில்: "மலை மேல அழகான வீடு, முன்னால ரோசாப்பூத் தோட்டம்னு எழுது." அது துரை பங்களா. அம்மாயி அந்தக் கேற்றுக்கு உள்ளே போனது தீபாவளிக்கு முதல் நாள் சாமான் வாங்கத்தான். பிள்ளைக்கு அந்தக் கட்டுரைக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது.

இந்தப் பூச்சை முதலில் உரித்தவர் பக்கத்து புளோக்கில் இருக்கும் ஒரு பாட்டி. ஜொகூர் ரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்து, பால் வெட்டி, கல்யாணமாகிச் சிங்கப்பூர் வந்தவர். ஒரு நாள் எங்களில் ஒருத்தி, பிள்ளைகளைக் கீழ்த்தளத்தில் வரிசையாக நிறுத்தித் தண்ணீர் கொடுக்கும்போது, "என்னாடா இது, பெரட்டுக் களமாட்டம்" என்று தன்னை மறந்து சொல்லிவிட்டாள். பாட்டி திரும்பிப் பார்த்தார். "நீ எந்த எஸ்டேட்டும்மா?" என்றார். பெரட்டு என்ற வார்த்தையை எஸ்டேட்டில் பிறக்காதவள் சொல்லமாட்டாள் என்று அவருக்குத் தெரியும். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். கங்காணி இங்கேயும் உண்டு, அங்கேயும் உண்டு. லயம், இரண்டு பக்கமும். துரை, இரண்டு பக்கமும். நாங்கள் பிள்ளைக்காம்பரா என்பது அவருக்கு ஆயாக் கொட்டகை. அங்கே பால் மரம், இங்கே தேயிலைச் செடி.

வியப்பதற்கு ஒன்றுமில்லை. அவருடைய பாட்டனும் எங்கள் பாட்டனும் ஒரே மாவட்டங்களிலிருந்து, ஒரே மாதிரிக் கங்காணியின் பேச்சைக் கேட்டு வந்தவர்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர் மலாயா போனார். மண்டபம் முகாமில் சோதனை முடிந்து தலைமன்னார் வந்தவர் மலைநாட்டுக்கு ஏறினார். இந்திய அரசாங்கம் 1938இல் மலாயாவுக்கும் 1939இல் இலங்கைக்கும் ஆள் அனுப்புவதைத் தடுத்தது வரை இரண்டு வழியும் திறந்திருந்தன. பாட்டி சொன்னார்: "உங்க தாத்தா அன்னைக்கி அந்தப் பக்கம் திரும்பியிருந்தா நீயும் இங்கத்தப் புள்ளதான்." நாங்கள் 1948ஐப் பற்றிச் சொன்னோம். குடியுரிமைச் சட்டத்தால் ஏழு லட்சம் பேர் ஒரு நாடும் இல்லாமல் நின்றது, 1964இல் இரண்டு பிரதமர்கள் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் பிறகு என்று ஆட்களைப் பங்கிட்டது, எங்கள் சின்னத்தாத்தா குடும்பம் ஒரு காலையில் பட்டிப்பொல நிலையத்தில் பெட்டி படுக்கையோடு ஏறிப் போனது. பாட்டி மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டிருந்தார். அதுவரை எங்கள் பிள்ளைகளுக்கே நாங்கள் சொல்லாத கதை அது.

அந்த வருஷம் எங்களில் ஒருத்தியின் அம்மா சிங்கப்பூர் வந்தார். பதினொன்றாவது மாடியில் லிப்டால் இறங்கி, நீண்ட நடைபாதையையும் வரிசையான கதவுகளையும் பார்த்தார். ஒன்று, இரண்டு என்று கதவை எண்ணினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் நிற்கும்போதே சத்தமாகக் கேட்டார்: "ஏன்டி, இது எத்தன காம்பரா லயம்?" அந்த ஊரில் பத்தில் எட்டுப் பேர் அரசாங்கம் கட்டிய இந்த அடுக்கு வீடுகளில்தான் இருக்கிறார்கள். லயத்தை நிமிர்த்தி வைத்த மாதிரி என்றார் அம்மா. தண்ணீர் உள்ளேயே வருகிறது, கக்கூசு உள்ளேயே இருக்கிறது, கூரை ஒழுகவில்லை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "இப்படியும் லயம் கட்டலாம்ல?" என்றார். அந்தக் கேள்வியை நுவரெலியாவில் இருக்கும் கந்தோர்களில் யாராவது கேட்க வேண்டும்.

இவ்வளவு நடந்த பிறகும் நாங்கள் திருந்திவிடவில்லை. அதைத்தான் இப்போது சொல்ல வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலில் நாலு பேர் வரிசையில் நின்றோம். எங்களுக்குள் ஊர்ப் பேச்சு. முன்னால் நின்ற ஒரு பெண் திரும்பினாள். முப்பத்தைந்து வயது இருக்கும், கையில் ஒரு துணிப் பை. முகம் மலர்ந்து, "அக்கா, நீங்க எந்தத் தோட்டம்?" என்றாள்.

எங்களில் ஒருத்தி சொன்னாள்: "நாங்க கொழும்பு."

அவள் எங்களை ஒரு கணம் பார்த்தாள். "சரிங்க மேடம்" என்று திரும்பிக்கொண்டாள்.

அதைச் சொன்னது யார் என்று கேட்காதீர்கள். மற்ற மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை. ஆகையால் சொன்னது நாலு பேரும்தான். அவள் வீட்டு வேலை செய்ய வந்தவள் என்று பார்த்ததும் தெரிந்தது. அங்கே இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பணிப்பெண்கள் இருக்கிறார்கள். பெரும்பாலோர் இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், மியன்மார் நாட்டவர்கள். நம் நாட்டவர்கள் கொஞ்சம் பேர், அதிலும் மலைநாட்டவர்கள் இன்னும் கொஞ்சம். வரிசையில் எங்களுக்குப் பின்னால் தெரிந்த குடும்பம் ஒன்று நின்றது. அவர்கள் முன்னால் அவளோடு ஒரே தோட்டம் என்று சொல்ல நாக்கு வரவில்லை. வேறு காரணம் இல்லை.

அக்கா என்றவள் மேடம் என்று மாற்றியது வீட்டுக்குப் போயும் காதில் நின்றது. அடுத்த ஞாயிறு போனோம், அவள் இல்லை. மூன்றாவது ஞாயிறு இருந்தாள். மன்னிப்புக் கேட்பது எப்படி என்று தெரியாமல், "தங்கச்சி, நாங்க பட்டிப்பொல" என்று மட்டும் சொன்னோம். "தெரியும்க்கா" என்றாள். எங்களில் ஒருத்தியைக் காட்டி, "இவங்க எங்க இல்லத் தலைவி. நான் எட்டாம் வகுப்புல இருந்தப்ப இவங்க ஏ.எல். விளையாட்டுப் போட்டியில என்னைய ஓட வச்சது இவங்கதான். தெரிஞ்சுதான் அன்னைக்கிக் கேட்டேன்" என்றாள்.

எங்கள் கணக்கிலிருந்த பிழை அதுதான். நாங்கள் ஏழு பேர் இல்லை, எட்டுப் பேர்.

பத்தாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றது. அப்பா விழுந்து முதுகு போனது, தம்பிகள் இரண்டு பேர். முதலில் கொழும்பில் ஒரு வீட்டில் வேலை. பிறகு கல்யாணம், ஒரு பிள்ளை. அதற்குப் பிறகு சிங்கப்பூர். அந்த நாட்டில் பணிப்பெண்ணாக வர 23 வயது நிறைந்திருக்க வேண்டும், எட்டு வருஷமாவது பள்ளியில் படித்திருக்க வேண்டும். அதற்கு அவள் காட்டியது நம் பள்ளியின் விடுகைப் பத்திரம். அதன் நகலை இன்றைக்கும் கைப்பையில் வைத்திருக்கிறாள். நம் பள்ளி முத்திரை, அந்த நாளைய அதிபரின் கையொப்பம், 'நன்னடத்தை' என்ற வரி. எங்கள் பட்டச் சான்றிதழ்களெல்லாம் அலுமாரியில் கிடக்கின்றன. பள்ளி கொடுத்த தாளை நம்பிக் கடல் கடந்தது அவள்தான்.

அங்கே 2013இலிருந்து பணிப்பெண்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு என்று விதி உண்டு. ஆனால் இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டால் ஓய்வுக்குப் பதில் காசு கொடுக்கலாம். அதனால் பல பேருக்கு ஓய்வே கிடைக்காமல் போனது. 2023இலிருந்து மாதத்தில் ஒரு நாளையாவது காசுக்கு மாற்ற முடியாது, வெளியே விட்டே ஆக வேண்டும். அவளுக்கு மாதம் இரண்டு ஞாயிறு. இதை அவள் சொன்னபோது எங்களில் இரண்டு பேர் தலையைக் குனிந்தோம். எங்கள் வீடுகளிலும் பணிப்பெண் உண்டு, ஒருத்தர் மியன்மார், ஒருத்தர் இந்தோனேசியா. அவர்களுக்கு எத்தனை ஞாயிறு கொடுக்கிறோம் என்று அதுவரை நாங்கள் ஒருவரையொருவர் கேட்டதில்லை. இப்போது நாலு ஞாயிறும் கொடுக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் கழுவுவது கணவன்மார் வேலை. அதில் இன்னும் பிணக்குத் தீரவில்லை.

அவளுடைய இரண்டு ஞாயிறுகளில் ஒன்று எங்களுக்கு. பொங்கோல் வீட்டில் கூடுவோம். அவள் சமையலறைக்குள் போகக் கூடாது என்பது ஏற்பாடு. அவள் கேட்பதில்லை. "ஒங்களுக்கு ரொட்டி தட்ட மறந்துபோச்சு" என்று மாவைப் பிடுங்கிக்கொள்வாள். உண்மையில் எங்கள் ரொட்டி கடையில் விற்கும் பிராட்டாவைப் போல மெலிந்துவிட்டது. அவள் தட்டுவது நம் ஊர் ரொட்டி, விரல் மொத்தம். இடித்த சம்பலோடு ஒன்று சாப்பிட்டால் பெரட்டுக்குப் போகலாம். எங்கள் பிள்ளைகள் அவளைச் சித்தி என்கிறார்கள். அந்த ரோசாப்பூக் கட்டுரை எழுதிய பிள்ளைக்கு அம்மாயி வீடு எப்படி இருக்கும் என்று தரையில் சோக்கட்டியால் கீறிக் காட்டியவளும் அவள்தான். இது இஸ்தோப்பு, இது காம்பரா, இது அடுப்பு, இங்கே அம்மா, இங்கே நாங்க நாலு பேர் படுப்போம். பிள்ளை அந்தக் கோட்டுக்குள் படுத்துப் பார்த்தது. கால் வெளியே போனது.

நூற்றாண்டு மலருக்காக விலாசப் பட்டியல் படிவம் வந்தபோது அவளுக்கும் ஒன்று கொடுத்தோம். "நான் ஓ.எல். எழுதலியேக்கா, என்னையும் சேர்ப்பாங்களா?" என்றாள். செயலாளரிடம் கேட்டோம். ஒரு நாள் படித்தாலும் பழைய மாணவிதான் என்று அவர் உடனே பதில் எழுதினார், நன்றி. படிவத்தில் 'தற்போதைய தொழில்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் பேனாவை வைத்துக்கொண்டு வெகு நேரம் யோசித்தாள். விட்டுவிடலாம் என்று சொன்னோம். எங்களில் வீட்டிலிருக்கும் நாலு பேரும் அந்தக் கட்டத்தை வெறுமையாகத்தான் விட்டிருந்தோம். அவள் விடவில்லை. எட்டாம் வகுப்பில் உறுப்பெழுத்துக்குப் பரிசு வாங்கிய கையெழுத்தில், 'வீட்டுப் பணிப்பெண், சிங்கப்பூர்' என்று எழுதினாள். அதைப் பார்த்துவிட்டு எங்கள் கணித ஆசிரியை தன் படிவத்தைத் திரும்ப எடுத்து, 'ஆசிரியை' என்று எழுதினாள். மலரில் சிங்கப்பூர் என்ற தலைப்பின் கீழ் எட்டுப் பெயர்கள் இருக்கும்.

இந்த விழாவுக்கு வர அவளுக்கு விடுமுறை கிடைக்கவில்லை. ஒப்பந்தம் முடிய இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது. நாங்கள் நாளைக் காலைக் கோச்சியில் பட்டிப்பொல போகிறோம். அவள் அம்மாவுக்கு ஒரு கம்பளிச் சட்டையும், மகளுக்கு ஒரு சப்பாத்தும், கொஞ்சம் சாமானும் தந்துவிட்டிருக்கிறாள். மகள் இப்போது தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்பு. வரும் ஜனவரியில் ஆறாம் வகுப்புக்கு நம் பள்ளியில் சேர்க்க முடியுமா, விடுதியில் இடம் உண்டா, மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று மூன்று கேள்வி எழுதித் தந்திருக்கிறாள். அந்தத் தாள் எங்களிடம் இருக்கிறது. அதிபர் அவர்களே, கூட்டம் முடிந்ததும் உங்கள் கந்தோருக்கு வருகிறோம்.